ஜப்பானில் வாங்கி வரத் தக்க பலகாரங்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஜப்பானுக்குப் போய் வருபவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு காலத்தில் வெளிநாடு என்றால் துபாய், மஸ்கட், மிஞ்சிப் போனால் அமெரிக்கா. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளின் புண்ணியத்தில் இப்போது டோக்கியோவும் சேர்ந்துகொண்டது. நகரின் கிழக்கே நிஷிகசாய் என்ற வட்டாரத்தில் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். என் மகளும் மாப்பிள்ளையும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். 2023-லும் 2025-லும் போய் அவர்களோடு தங்கிவிட்டு வந்தேன். திரும்பியதிலிருந்து, புறப்படப் போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, அங்கேயிருந்து என்ன வாங்கி வரலாம்?"

கேமராவும் கைக்கடிகாரமும் செம்பூரிலேயே கிடைக்கின்றன. வாங்கி வரத் தக்கது தின்பண்டம்தான். ஆளாளுக்கு டெலிபோனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். என் மாமியாருக்கு 84 வயது. முட்டை சேர்ந்த பிஸ்கட்டைக்கூடத் தொடமாட்டார். பொட்டலத்தில் உள்ளதைப் படிக்கக் கண் தெரியாது. நான் "சாப்பிடலாம் அத்தை" என்றால் வாயில் போட்டுக்கொள்வார்; அத்தனை நம்பிக்கை. எதிர் வீட்டு மராட்டியக் குடும்பத்தில் ஆறு வயதுப் பேரன் ஒருவன். அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு பருப்பு உள்ளே போனால் தொண்டை வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். நான் ஊரிலிருந்து வந்தால் முதலில் வந்து நிற்பவனும் அவனே. இந்த இருவர் கையிலும் பயமில்லாமல் எதைக் கொடுக்கலாம் என்று பார்த்துத்தான் அங்கே ஒவ்வொன்றையும் வாங்கினேன். அதனால் இந்தக் கட்டுரையில் ருசியைப் போலவே சேர்மானத்தைப் பற்றியும் பேச்சு வரும். சைவக் குடும்பத்தார் பொறுமையாகப் படியுங்கள்; மற்றவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஊருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புவது ஜப்பானியருக்கு மரியாதைக் குறைவு. இரண்டு நாள் லீவில் போனாலும் ஆபீசில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரு பெட்டி வாங்கி வந்தாக வேண்டும். இதற்கு 'ஒமியாகே' என்று பெயர். நமக்குத் திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று இருப்பது போல அங்கே ஊருக்கு ஊர் ஒரு பண்டம். அதை ரயில் நிலையத்திலேயே வாங்கிவிடலாம். ஆபீசில் பங்கு போடுவதற்காகவே செய்வதால் பெட்டிக்குள் ஒவ்வொரு துண்டும் தனித்தனி உறையில் இருக்கும். காகிதமும் பிளாஸ்டிக்கும் வீண்தான். ஆனால் இருபது வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய நமக்கு இது எத்தனை சௌகரியம் என்பது வந்த பிறகு தெரியும்.

முதலில் சேர்மான விஷயம். நம் நாட்டில் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக் கூடையில் போட்டுவிடுகிறோம். ஜப்பானில் அந்தப் புள்ளி கிடையாது. அங்குள்ள சட்டம் ஒவ்வாமையை முன்னிட்டு வந்தது. முட்டை, பால், கோதுமை, வேர்க்கடலை, இறால், நண்டு முதலிய சில பொருள்கள் சேர்ந்திருந்தால் பொட்டலத்தின் மேல் கட்டாயம் குறிப்பிட வேண்டும். 2023-ல் வால்நட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. எதிர் வீட்டுப் பையனுக்கு இது பெரிய உதவி. முட்டை உண்டா இல்லையா என்பதும் உடனே தெரிந்துவிடும். ஆனால் மீன் சாறு அந்த எச்சரிக்கைக் கட்டத்தில் வராது. அதற்கு மூலப்பொருள் பட்டியலை வரி விடாமல் பார்க்க வேண்டும். ஜப்பானிய சமையலில் கட்சுவோ என்னும் மீனைக் காய வைத்துச் சீவி எடுக்கும் சாறு நம் வீட்டுப் பெருங்காயம் மாதிரி. எதில் இருக்கும் என்று சொல்லவே முடியாது. உருளைக்கிழங்கு வறுவலில், அரிசி பிஸ்கட்டில், கடலை மேல் பூசிய மாவில்கூட இருக்கும்.

மொபைல் கேமராவைக் காட்டினால் எழுத்தைப் பெயர்த்துச் சொல்லும் வசதி இப்போது இருக்கிறது. இருந்தாலும் அதை மட்டும் நம்பாமல், கடைக்காரப் பெண்ணிடம் கேட்க நாலைந்து சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தமாகோ என்றால் முட்டை. நிக்கு மாமிசம். சகானா மீன். ராதோ பன்றிக் கொழுப்பு. ஜெரச்சின் என்பது ஜெலட்டின். அது பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுப்பது. மெல்லும் மிட்டாய், மார்ஷ்மெல்லோ, சில கிரீம் வகைகளில் ஜெலட்டின் பெரும்பாலும் இருக்கும். 'ஷாட்டனிங்' என்று மட்டும் எழுதி, தாவரக் கொழுப்பா விலங்குக் கொழுப்பா என்று சொல்லாமல் விட்டிருந்தால் நான் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். இன்னொன்று: கண்ணெதிரே சுட்டுச் சூடாகத் தரும் பண்டங்களுக்கு இந்தப் பொட்டலச் சட்டம் பொருந்தாது. கோயில் தெருவில் நின்று வாங்கித் தின்பதெல்லாம் அவரவர் துணிச்சல்.

இனி பண்டங்களுக்கு வருவோம்.

டோக்கியோ அசகுசாவில் சென்சோஜி என்ற பழைய புத்தர் கோயில் இருக்கிறது. பெரிய சிவப்புக் காகித விளக்குத் தொங்கும் வாசலைத் தாண்டினால் இருபுறமும் சின்னச் சின்னக் கடைகள். மயிலாப்பூர் மாட வீதியை யாரோ நன்றாகப் பெருக்கி வைத்த மாதிரி இருக்கும். அங்கே விற்கும் 'கமினாரி ஒகோஷி'யைக் கையில் எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பொரி உருண்டைதான்! அரிசிப் பொரியைச் சர்க்கரைப் பாகில் கிளறி, உருட்டாமல் சதுரமாக வெட்டியிருக்கிறார்கள். பாகுப் பதம் கொஞ்சமும் பிசகாது, பல்லில் ஒட்டாது. பல நாள் கெடாமலும் இருக்கும். அத்தைக்குச் சரிப்படும். வேர்க்கடலை சேர்ப்பது வழக்கம் என்பதால் எதிர் வீட்டுக்கு ஆகாது.

அடுத்தது கரிந்தோ. கோதுமை மாவை விரல் நீளத்துக்கு உருட்டி எண்ணெயில் பொரித்து, கறுப்புச் சர்க்கரைப் பாகில் புரட்டி எடுப்பது. விருதுநகர், சாத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கருப்பட்டிச் சேவு தின்று வளர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பை வாங்கலாம். அந்தக் கறுப்புச் சர்க்கரைக்கு 'கொகுதோ' என்று பெயர். தெற்கே ஒகினாவா தீவுகளில் கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது, அதாவது நாட்டு வெல்லம். அதைச் சிறு கட்டிகளாக உடைத்துப் பையில் போட்டு அப்படியேயும் விற்கிறார்கள். டீயோடு ஒரு கட்டியைக் கடித்துக்கொள்வதாம். நாம் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வது போல.

அரிசி பிஸ்கட்டை 'செம்பெய்' என்கிறார்கள். சோயா சாஸ் தடவிச் சுட்டது, உப்பு மட்டும் போட்டது, கடற்பாசித் தாள் சுற்றியது என்று நூறு விதம். நம் முறுக்கு, தட்டை ருசிக்கு இதுதான் நெருக்கம். ஆனால் கட்சுவோ மீன் மறைந்திருப்பதும் இதில்தான். பிறைச் சந்திர வடிவத்தில் காரமாக இருக்கும் 'காகி நோ தானே' என்ற வகையைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். நிகாதாவில் பிறந்த பண்டம் அது. பெரும்பாலும் வேர்க்கடலை கலந்துதான் வரும். மீன், கோழிச் சாறு சேர்ந்த தயாரிப்பும் உண்டு. எங்கள் வீட்டு இரண்டு பரீட்சையிலும் அது தோற்றுவிட்டது. அதே ஜாதி அரிசிக் கொறிப்பு, சைவமாக, 'கரி கரி' என்ற பெயரில் நம் நாட்டிலேயே தயாராகி வந்தது. ஜப்பானிய மொழியில் 'கரி கரி' என்றால் மொறுமொறு என்று அர்த்தம். தமிழ்க் காதில் சைவப் பண்டத்துக்கு வைக்கக் கூடிய பெயரா அது!

இனிப்பில் அவர்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை 'ஆன்கோ', அதாவது பூரணம். நாம் கடலைப் பருப்பை வேக வைத்து வெல்லம், தேங்காய், ஏலக்காய் போடுகிறோம். அவர்கள் அசுகி என்ற சிவப்புப் பயற்றை வேக வைத்துச் சர்க்கரை மட்டும் போடுகிறார்கள். அசுகி நம் காராமணிக்குச் சொந்தம். ஏலக்காய் கிடையாது, நெய் கிடையாது. முதல் வாயில் நமக்கு 'என்னடா இது' என்றுதான் இருக்கும். மூன்றாம் நாள் தேடத் தொடங்குவோம்.

இந்தப் பூரணத்தை வைத்துச் செய்யும் பண்டங்களில் நம்மவர் வாங்க வேண்டியது 'யோக்கான்' என்பது என் முடிவு. பூரணத்தோடு சர்க்கரையும் அகர் அகரும் சேர்த்துக் காய்ச்சி, கட்டியாக உறைய வைத்தது. கத்தியால் வெட்டினால் கண்ணாடி போல வழவழப்பாக வரும். இதன் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எழுதும் எழுத்துகளைத் தனித்தனியே பெயர்த்தால் ஒன்று 'ஆடு', மற்றது 'குழம்பு'. சீனாவில் ஆட்டுக்கறிக் குழம்பாக இருந்ததை, மாமிசம் தொடாத ஜென் துறவிகள் ஜப்பானில் பயற்றை வைத்துச் செய்தார்களாம். பிறகு சர்க்கரை சேர்ந்து இனிப்பாகிவிட்டது. மொபைல் 'ஆட்டுக் குழம்பு' என்று பெயர்த்துக் காட்டினால் பயந்து பெட்டியைக் கீழே போட்டுவிடாதீர்கள். ஜப்பானிய இனிப்புகளில் இதைவிடச் சைவமானதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அகர் அகரை ஜப்பானியர் 'கான்தென்' என்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கியோட்டோ பக்கம் ஃபுஷிமியில் ஒரு சத்திரக்காரர், மீந்துபோன கடற்பாசிக் களியைக் குளிர்கால இரவில் வெளியே போட, அது உறைந்து காய்ந்து சருகாகிக் கிடந்ததாகவும், அதைத் திரும்பக் கரைத்துக் காய்ச்சியபோது முன்னைவிடத் தெளிவான களி கிடைத்ததாகவும் கதை. கதை எப்படியோ, பொருள் நமக்குப் புதிதல்ல. இராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம், பாம்பன் பக்கத்து மீனவப் பெண்கள் முழுகி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இதே அகர் அகர்தான் எடுக்கிறார்கள். பழைய சமையல் குறிப்புகளில் 'சைனா கிராஸ்' என்று வருமே, அதுவேதான்.

யோக்கானுக்குப் பெயர் பெற்ற கடை தொராயா. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோட்டோவில் ஆரம்பித்து அரண்மனைக்கு இனிப்பு கொடுத்து வந்தவர்கள். 1869-ல் சக்கரவர்த்தி டோக்கியோவுக்கு வந்தபோது இவர்களும் கூடவே வந்துவிட்டார்கள். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு ஆள் தின்னும் அளவில் சின்னக் கட்டிகளும் விற்கிறார்கள்; குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும். மும்பை மே மாத வெயிலுக்கு வேறென்ன வேண்டும்? பல் இல்லாத அத்தைக்கு மெல்லவும் சிரமமில்லை. "காராமணி அல்வா" என்று அவரே பெயரும் வைத்துவிட்டார். (சர்க்கரை வியாதிக்காரர்கள் கவனிக்கவும்: பேர் பாதி சர்க்கரைதான்.)

இப்போது சொல்லப் போவது எனக்கு ரொம்பவும் பிடித்த சங்கதி. கியோட்டோ போகிறவர்கள் கியோன் வட்டாரத்தில் யசாகா கோயிலுக்குப் பக்கத்தில் கமேயா கியோநாகா என்ற கடையைத் தேடிப் பாருங்கள். 1617-ல் தொடங்கிய கடை. அங்கே 'செய்ஜோ கன்கிதான்' என்று ஒன்று விற்கிறார்கள். பார்த்தவுடன் நான் மாப்பிள்ளையிடம், "இது கொழுக்கட்டை இல்லையோ?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பணமுடிச்சு மாதிரி அடியில் உருண்டு, மேலே மடிப்பு மடிப்பாகச் சுருக்கி முடிந்து, நல்லெண்ணெயில் பொரித்தது. நம் பக்கத்து வீட்டு மராட்டியர்கள் செய்வார்களே, பொரித்த மோதகம், அச்சு அசல் அதே உருவம்.

அசல் உறவே உண்டு என்று பிறகு தெரிந்தது. ஜப்பானியப் பௌத்தத்தில் கன்கிதென் என்றொரு தெய்வம், யானை முகம். நம் பிள்ளையார்தான் சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். கோயில்களில் அவர் விக்கிரகத்தை யாருக்கும் காட்டாமல் மறைத்தே வைத்திருப்பார்கள். அவருக்குப் படைக்கும் பண்டம் இந்தக் கன்கிதான். ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் சீனாவுக்குப் போய் வந்த தூதர்களோடும் துறவிகளோடும் வந்த செய்முறை என்கிறார்கள். உள்ளே பழைய நாளில் உலர்ந்த பழங்களை வைத்தார்களாம். பின்னால் அசுகிப் பூரணம் ஆகியிருக்கிறது. அதில் சந்தனம், லவங்கப்பட்டை முதலாக ஏழு வகை வாசனைப் பொருள்கள். ஓடு கல்லாக இருக்கும்; லேசாகச் சுட வைத்துத்தான் உடைக்க வேண்டும். வாயில் போட்டால் முதலில் வருவது ருசியல்ல, கர்ப்பக்கிருக வாசனை.

முட்டை, பால் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு நாலு வாங்கினேன். ஒன்றே ஐநூறு யென்னுக்கு மேல். 2025-ல் நூறு யென் என்பது கிட்டத்தட்ட அறுபது ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பூஜை அலமாரியில் ஒன்றை வைத்து, "அத்தை, இது ஜப்பான் பிள்ளையாருக்குப் பண்ணுகிற கொழுக்கட்டை" என்றேன். அவர் கையில் வாங்கி, மடிப்பை விரலால் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார். எட்டு. "எங்கே போனாலும் இவருக்குத் தின்னக் கொடுக்க ஆள் இருக்கு" என்றார். பிறகு ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டு மீதியை எதிர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். நல்லெண்ணெய், பயறு, மாவு, சர்க்கரை; வேர்க்கடலை இல்லை. தைரியமாக அனுப்பினேன். அந்த வீட்டு அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது மோதக்தானே, இதற்கா ஜப்பான் போனீர்கள்?" என்று கேட்டார்.

கியோட்டோவின் இன்னொரு பண்டம் யாட்சுஹாஷி. அரிசி மாவும் சர்க்கரையும் லவங்கப்பட்டையும் சேர்த்துச் சுட்ட ஓடு. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த யாட்சுஹாஷி கென்கியோ என்ற இசைக் கலைஞரின் பெயர் இதற்கு வந்தது. அவர் வாசித்த கொத்தோ என்ற தந்தி வாத்தியத்தின் வளைவும் வந்தது. சுடாமல் ஆவியில் வேக வைத்து, உள்ளே பூரணம் வைத்து முக்கோணமாக மடித்தது இன்னும் சுவை. ஆனால் பத்து நாளைக்கு மேல் தாங்காது. ஊர் திரும்பும் வாரத்தில் வாங்கினால் போதும்.

குழந்தைகளுக்குக் கொன்பெய்தோ. நட்சத்திரம் மாதிரி முள் முள்ளாக, பல நிறத்தில் இருக்கும் சீனி மிட்டாய். போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. லூயிஸ் ஃப்ரோயிஸ் என்ற பாதிரியார் 1569-ல் ஓடா நொபுநாகா என்ற தளபதிக்கு ஒரு கண்ணாடிப் புட்டி நிறையக் கொடுத்தது சரித்திரத்தில் இருக்கிறது. நமக்குச் சாவியும் ஜன்னலும் அலமாரியும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அங்கே மிட்டாயைக் கொடுத்திருக்கிறார்கள். சூடான சாய்ந்த வாணலியில் இரண்டு வாரம் புரட்டிப் புரட்டிப் பாகு ஏற்றினால்தான் அந்த முள் வரும். கியோட்டோவில் 1847 முதல் இதை மட்டுமே செய்துவரும் கடை ஒன்று உண்டு. எதிர் வீட்டுப் பையனுக்கு என் பெட்டியிலிருந்து போவது ஒவ்வொரு முறையும் இதுதான்.

விளம்பரத்தில் பார்த்து எல்லாரும் கேட்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ பனானா 1991-ல் வந்தது. வாழைப்பழ வடிவ கேக், உள்ளே கிரீம். முட்டை உண்டு, ஒரு வாரந்தான் இருக்கும். ஹொக்கைடோவின் ஷிரோய் கோய்பிதோ வெள்ளைச் சாக்லேட் வைத்த மெல்லிய பிஸ்கட். 1976 முதல் விற்கிறது, முட்டை உண்டு. நாகசாகி காஸ்தெரா கேக்கும், டோரேமான் பார்க்கும் நம் பிள்ளைகள் 'டோரா கேக்' என்று உயிரை விடும் தொராயாகியும் அப்படியே. முட்டை சாப்பிடுகிறவர்கள் காஸ்தெராவை விடக் கூடாது.

கிட்காட் சாக்லேட்டில் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட ருசிகள் வந்து போயிருக்கின்றன. பச்சைத் தேயிலை ருசி 2004-ல் வந்தது, இன்றும் அதுதான் நன்றாக இருக்கிறது. 'கித்தோ கட்சு' என்றால் நிச்சயம் ஜெயிப்பாய் என்று பொருள்; பெயர் அதுபோல ஒலிப்பதால் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல பரிசு தோன்றவில்லை. சில்லறைத் தின்பண்டத்தில் உமாய்போ என்ற சோளக் குழல். 1979 முதல் பத்து யென்னுக்கே விற்று, 2022-ல் பன்னிரண்டு, 2024-ல் பதினைந்து என்று ஏறியது ஜப்பானில் பெரிய செய்தி. அதில் மாமிசச் சாறு சேர்ந்த ருசிகள் பல. சைவர்கள் செய்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனிப்பு ஆகாதவர்களுக்கு 'ஹோஷி இமோ'. இபராகி மாவட்டத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேக வைத்து, வில்லை போட்டு, காய வைத்தது. வேறெதுவும் சேர்ப்பதில்லை. கிழங்கின் சர்க்கரை கிழங்கில் இருக்கத்தான் செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கே வாங்குவது? பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்களின் அடித்தளம் முழுவதும் பலகாரக் கடைதான். பார்க்கவே ஒரு மாலை வேண்டும். ருசி பார்க்கச் சில இடங்களில் துண்டு கொடுப்பார்கள். விலை மலிவாக வேண்டுமானால் உவேனோவில் அமெயோகோ கடைத்தெரு, அல்லது எல்லா ஊரிலும் உள்ள டான் கிஹோத்தே. குளிரில் வைக்க வேண்டிய சாக்லேட் வாங்கினால், வீடு போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டு ஐஸ் பொட்டலம் வைத்துக் கட்டுவார்கள்.

தேதியைப் படிக்கும் முறையை மறக்காதீர்கள். அங்கே வருடம், மாதம், நாள் என்ற வரிசை. 26.03.05 என்று போட்டிருந்தால் 2026 மார்ச் 5 வரை வைத்துச் சாப்பிடலாம் என்று பொருள். நம் வழக்கப்படி படித்துவிட்டு, இருபது வருடப் பழசு என்று குப்பையில் போட இருந்தார் ஒரு சிநேகிதி.

யோக்கானையும் புட்டிங், ஜெல்லி வகைகளையும் கைப்பையில் வைத்தால் திரவம் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக் கூடும். பெரிய பெட்டியில் வையுங்கள். நான் 2025-ல் போனபோது தின்பண்டத்துக்கு 8 சதவீத வரி. ஒரே கடையில் ஒரே நாளில் ஐயாயிரம் யென்னுக்கு வாங்கிப் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் வரியைக் கழித்து, பையை ஒட்டிக் கொடுத்தார்கள். 2026 நவம்பர் 1 முதல் வரியோடு பணத்தைக் கட்டிவிட்டு, புறப்படும்போது விமான நிலையத்தில் திரும்பப் பெறும் முறை என்று சட்டம் செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.